எந்த வீட்டுக்குப் போகிறாள் அவள்? மறதி நோயும் பெண்களும் சில அனிமேஷன் படங்களும்

வயதான காலத்தில் நினைவு தப்பிப்போவதற்கு எங்கள் பக்கத்தில் தனியாக ஒரு நோய்ப்பெயர் கிடையாது. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் இருக்கும் ஆட்டையாம்பட்டி என் ஊர். அங்கே ‘நெனப்பு இல்லை’ என்பார்கள், ‘புத்தி தடுமாறுது’ என்பார்கள், ‘கொழந்தையாட்டம் ஆயிட்டாங்க’ என்பார்கள். ஈழத்தில் ‘அறளை பெயர்தல்’ என்ற பழைய சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. கேரளத்தில் ‘சின்னன்’ என்கிறார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். இந்தியில் அறுபது என்ற எண்ணிலிருந்து பிறந்த ‘சடியானா’ என்ற வினைச்சொல் உண்டு.

இந்தச் சொற்கள் எல்லாமே நினைவு இழப்பை வயதின் கணக்கில் எழுதிவிடுகின்றன. அதில் ஒரு நன்மை இருக்கிறது. மறந்துபோனவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம், யாரும் அவரை நோயாளி என்று ஒதுக்குவதில்லை. கெடுதலும் இருக்கிறது. நோய் என்று தெரியாததால் மருத்துவரிடம் போவதில்லை, பார்த்துக்கொள்கிறவளுக்கு ஓய்வு வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பெரியவர் ஒருவர் மறந்தால் ‘அவருக்கு வயசாச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியம்மா மறந்தால் ‘நடிக்கிறா’, ‘வேணும்னே பண்றா’, ‘மருமகளைப் பழிவாங்குறா’ என்று பேச்சு நீளும். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ‘எனக்கு யாரும் சோறு போடலை’ என்று அவர் தெருவில் போகிறவர்களிடம் சொல்லும்போது, ஊர் இரண்டு பெண்களையும் சேர்த்தே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. ஒருத்தி பொய்க்காரி, இன்னொருத்தி கொடுமைக்காரி.

மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் காசியில் தங்கிச் செய்த ஆய்வை 1998இல் நூலாக வெளியிட்டார். முதியவரின் புத்தித் தடுமாற்றத்தைச் சுற்றியிருப்பவர்கள் ‘கெட்டுப்போன குடும்பத்தின்’ அடையாளமாகப் பார்ப்பதை அவர் அதில் விரிவாகப் பேசுகிறார். குடும்பம் கெட்டது என்றால் நம் ஊரில் யார் கெடுத்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. விரல் மருமகளை நோக்கித்தான் நீளும்.

மறதி நோயை மற்றவர் உணரச் செய்ய உலகில் பலர் இன்று அனிமேஷன் படங்களைக் கையிலெடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆனால் படங்களுக்குப் போகும் முன் இந்த நோயின் வரலாற்றில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் படம் பார்த்தால் கண்ணீர் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு பெண்ணின் கோப்பு

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணை அவருடைய கணவர் அழைத்துவந்தார். அவருக்கு வயது 51. கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அகஸ்டேவின் நோய் முதலில் சந்தேகமாக வெளிப்பட்டது. கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று நினைத்தார். பிறகு சமையல் தவறியது, பொருட்களை ஒளித்துவைத்தார், வீட்டுக்குள்ளேயே வழி தவறினார். அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் நாள்தோறும் கேள்விகள் கேட்டுப் பதில்களை எழுதிவைத்தார். பெயரைக் கேட்டார். அகஸ்டே தன் பெயரைச் சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டார். அப்போதும் தன் பெயரையே சொன்னார். எழுதச் சொன்னபோது தன் பெயரை முழுதாக எழுதி முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டு, தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார்.

1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் அவருடைய மூளையில் கண்டதை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்பெலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு ‘அல்சைமர் நோய்’ என்று பெயர் வைத்தார். மருத்துவரின் பெயர் உலகெங்கும் பரவியது. தொலைந்ததைத் தன் வாயால் முதலில் சொன்ன பெண் மருத்துவ நூல்களில் ‘அகஸ்டே டி.’ என்ற சுருக்கமாக நின்றார். அவருடைய கோப்பு 1995இல்தான் ஃபிராங்ஃபர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

அந்தக் கேள்வி பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். என் பாட்டி தலைமுறையில் எந்தப் பெண்ணும் கணவர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத் தொட்டு ‘நீ சொல்லு’ என்பார்கள். முருகன் என்று பெயருள்ள கணவர் வாய்த்தவர்கள் சாமியைக்கூடப் பழனிமலையான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மருத்துவர் இவர்களிடம் கணவர் பெயரைக் கேட்டு, பதில் வராததை மறதி என்று குறித்துக்கொண்டால் அந்தக் கணக்கு என்னவாகும்?

இது வெறும் கற்பனைக் கவலை கிடையாது. நினைவைச் சோதிக்கும் மேலைநாட்டு வினாத்தாள்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்காகத் தயாரானவை. இன்று என்ன தேதி என்று கேட்கும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணம் வரையச் சொல்லும். பென்சிலைப் பிடித்தே பழகாதவர் இவற்றில் தோற்பது நோயால்தானா என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் 1990களில் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் எழுத்தறியாதவர்களுக்கென்று இந்தியில் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு படிப்பும் பண்பாடும் குறுக்கே வராத சோதனை முறையைத் தேடியது. மறதி நோயுள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அக்குழுவின் இந்தியக் களங்களாக இருந்தன.

மறுக்கப்பட்ட பள்ளிக்கூடம்

2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அதனால் அதிகம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது ஒரு பகுதி உண்மை. இன்னொரு பகுதி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகின் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், காது கேளாமை, தனிமை ஆகியவற்றோடு, இளம் வயதில் கல்வி கிடைக்காமல் போவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 8.86 விழுக்காடு. அன்று பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய சிறுமிகள்தான் இன்று எண்பதை ஒட்டி இருக்கிறார்கள். தம்பியைத் தூக்கிக்கொள்ள, மாடு மேய்க்க, தறியில் நூல் சுற்ற, அடுப்படியில் மாவு பிசைய அவர்களை வீட்டில் நிறுத்திக்கொண்டோம். எழுபது ஆண்டு கழித்து அந்தக் கடனின் வட்டியையும் அவர்களே கட்டுகிறார்கள். சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கிறேன். பிறப்பிலிருந்து முதுமை வரை ஒரு பெண்ணின் மூளைக்கு இந்த மண் எவ்வளவு இடம் கொடுத்தது என்ற கேள்வி அது.

பார்த்துக்கொள்கிறவர்களின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலகளவில் மறதி நோயுள்ளவர்களைப் பராமரிக்கச் செலவாகும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நோய் பெண்ணுக்கு வந்தாலும் ஆணுக்கு வந்தாலும் உழைப்பு பெண்ணுடையது.

உள்ளேயிருந்து வரைதல்

தமிழ் சினிமா மறதியைப் பல காலமாகச் சிரிப்புக்கும் கதைத் திருப்பத்துக்கும் பயன்படுத்திவந்திருக்கிறது. தலையில் அடிபட்டால் மறக்கும், இன்னொரு அடி பட்டால் திரும்பும். முதுமையின் மறதியைப் பொறுமையோடு காட்டிய படங்கள் குறைவு. மலையாளத்தில் 2005இல் வந்த ‘தன்மாத்ரா’வும், தமிழில் 2015இல் வந்த ‘ஓ காதல் கண்மணி’யும் நினைவுக்கு வருகின்றன. ‘ஓ காதல் கண்மணி’யில் லீலா சாம்சன் நடித்த பவானிக்கு அல்சைமர் நோய். பிரகாஷ்ராஜ் நடித்த கணவர் அவரைப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கணவரைக் கண்டு திரையரங்கு நெகிழ்ந்தது. அதே வேலையை ஒரு மனைவி செய்திருந்தால் அதை யாரும் காதல் என்று பெயரிட்டிருக்க மாட்டார்கள்.

நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் ஒரு தடை இருக்கிறது. கேமரா மறந்துபோனவரின் முகத்தை வெளியிலிருந்தே பார்க்கிறது. வெறித்த கண், நடுங்கும் கை, தவறான பெயர். நாம் பார்ப்பவர்களாகவே இருக்கிறோம். அனிமேஷனில் ஓவியரின் கோடு அவர் பார்க்கும் உலகத்தையே வரைய முடியும். நாற்காலி கரையலாம், சுவர் கடலாகலாம், எண்பது வயதுக் கை அடுத்த நொடி எட்டு வயதுக் கையாகலாம். அவருக்கு நேர்வதைப் பொய் என்று சொல்லாமல், அதே அளவு உண்மையாகக் காட்டும் கலை அது.

இந்தக் கலையின் வரலாற்றிலும் பெண் கைகள் மறைந்து கிடக்கின்றன. இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது 1926இல் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண் கத்தரிக்கோலால் கறுப்புத் தாளை வெட்டி உருவாக்கிய ‘இளவரசன் அக்மத்தின் சாகசங்கள்’. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த நிழல்கள் அந்நியமாகத் தோன்றாது. பின்னால் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் ஆண்கள் வரைந்த கோடுகளுக்கு மை தீட்டவும் வண்ணம் பூசவும் பெரும் எண்ணிக்கையில் பெண்களை உட்காரவைத்தார்கள். திரையில் பெயர் வந்தது ஆண்களுக்கு.

நம் நாட்டில் முதுமையை அனிமேஷனில் சொன்ன முக்கியமான படம் கீதாஞ்சலி ராவ் உருவாக்கிய ‘பிரின்டட் ரெயின்போ’. 2006இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டு விருதுகள் பெற்றது. ஒரு மூதாட்டி, ஒரு பூனை, ஒரு தீப்பெட்டித் தொகுப்பு, அவ்வளவுதான் கதை. அவள் வாழும் அடுக்குமாடி வீடு சாம்பல் நிறம். தீப்பெட்டி அட்டைப் படங்களுக்குள் நுழைந்துவிட்டால் உலகம் வண்ணமாகிவிடுகிறது. அது மறதி நோயைப் பற்றிய படமில்லை, தனிமையைப் பற்றியது. ஆனால் தனிமை மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்று என்று தெரிந்தபின் அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி என்றால் நமக்குச் சிவகாசி. அந்த அட்டைகளைப் பெட்டியில் ஒட்டிய தமிழ்ச் சிறுமிகளும் இப்போது பாட்டிகளாகியிருப்பார்கள்.

மறதி நோயை நேராகப் பேசும் படங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. பாகோ ரோகா என்பவரின் சித்திரக் கதையை ஒட்டி 2011இல் ஸ்பெயினில் வந்த ‘சுருக்கங்கள்’ என்ற முழுநீளப் படம் முதியோர் இல்லத்தில் நடக்கிறது. அதன் முதல் காட்சியில் வங்கி மேலாளர் ஒருவர் கடன் கேட்டு வந்த தம்பதிக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாமும் நம்புகிறோம். சட்டென்று மேசை மறைந்து சாப்பாட்டுத் தட்டு வருகிறது. எதிரில் இருப்பது மகனும் மருமகளும். அவரோடு சேர்ந்து நாமும் வழுக்கி விழுகிறோம். அந்த இல்லத்தில் மறதி நோய் முற்றிய மொதெஸ்தோவும் அவருக்குச் சோறூட்டும் மனைவி தொலோரஸும் இருக்கிறார்கள். தொலோரஸுக்கு ஒரு நோயும் இல்லை. கணவருக்காக அவரும் அங்கே குடியேறிவிட்டார்.

2019இல் புரூனோ கொல்லே என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த ‘மெமொராப்ள்’ ஒரு ஓவியரின் கதை. 1995இல் அல்சைமர் நோய் கண்டறியப்பட்ட பிறகும் தன் முகத்தைத் தானே வரைந்துகொண்டிருந்த வில்லியம் உட்டர்மோலன் என்ற ஓவியரின் வாழ்வு அதற்குத் தூண்டுதல். பொருட்கள் உருவிழக்கின்றன, மனைவி மெல்ல மெல்லத் தூரிகைத் தீற்றல்களாக மாறுகிறாள். அழகான படம். அந்த மனைவிக்கு நம் கண்முன்னே உடல் கரைகிறது. அவளுடைய களைப்பு எங்கே போனது என்று எனக்குள் ஒரு கேள்வி நின்றுவிட்டது.

மறக்கிறவள் பெண்ணாக இருக்கும்போது படத்தின் தன்மை மாறுகிறது. ஃபிராங்க் தியோன் இயக்கி 2016இல் அன்னெசி விழாவின் உயரிய விருதைப் பெற்ற ‘தலை மறைகிறது’ குறும்படத்தில் ஜாக்குலின் என்ற மூதாட்டி தன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கத் தனியாக ரயிலேறுகிறாள். யாரோ ஒரு பெண் விடாமல் துரத்துகிறாள். அந்த ‘யாரோ’ அவளுடைய மகள். தலை தனியாக இருந்தாலும் ஜாக்குலினிடம் பயணம் போகும் ஆசை இருக்கிறது என்பதை அந்தப் படம் மறப்பதில்லை.

லூயிஸ் பாக்னல் என்ற அயர்லாந்துப் பெண் இயக்கி, 2019ஆம் ஆண்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘லேட் ஆஃப்டர்நூன்’ எனக்கு மிக நெருக்கமானது. எமிலி என்ற மூதாட்டி நாற்காலியில் இருக்கிறாள். ஒரு பெண் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து தருகிறாள். பிஸ்கட் டீக்குள் விழ, எமிலியும் கூடவே நினைவுக்குள் விழுகிறாள். கடற்கரை மணலில் தன் பெயரை எழுதும் சிறுமியாகிறாள். பின் இளம்பெண்ணாகிறாள், தாயாகிறாள். டீ கொடுத்தவள் தன் மகள் என்பது அவளுக்குத் தெரிய வருவதுதான் முடிவு. பத்து நிமிடம்தான். பேச்சு குறைவு. எழுத்தறியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு முறை பார்த்தல்

இந்தப் படத்தை என் மாணவிகளுக்கு இரண்டு முறை போட்டுக் காட்டுவேன். முதல் முறை எந்த விளக்கமும் சொல்ல மாட்டேன். எல்லோரும் எமிலியோடு போவார்கள், முடியும்போது சிலர் கண்ணைத் துடைப்பார்கள். இரண்டாம் முறை, ‘மகளின் கையை மட்டும் பாருங்கள்’ என்பேன். அவள் டீ கொண்டுவருகிறாள், பொருட்களைப் பெட்டியில் அடுக்குகிறாள், அம்மா தன்னை யாரென்று தெரியாமல் பார்ப்பதைத் தாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறாள். இரண்டாம் முறை முடிந்ததும் வகுப்பில் அழுகை குறைந்து பேச்சு கூடும்.

ஒருமுறை ராசிபுரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி எழுந்து சொன்னாள். “மேடம், எங்க ஆயாவுக்கு இப்படித்தான். எங்கம்மா மில்லு வேலையை விட்டு நாலு வருசம் ஆச்சு. ஆயா படுற கஷ்டம் இப்பத்தான் புரியுது. ஆனா எங்கம்மாவைப் பத்தி யாரு படம் எடுப்பா?”

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் ஒரு பதிலும் வரவில்லை. அதற்கான பதிலை நான் என் வீட்டிலிருந்தே தேடத் தொடங்கினேன்.

ஆட்டையாம்பட்டி என்றதும் எல்லோரும் முறுக்கைச் சொல்வார்கள். என் அம்மாயி அறுபது வருடம் கைமுறுக்குச் சுற்றியவர். கடைசி ஐந்து வருடங்களில் பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போனது. என்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டுவார், கொஞ்சுவார். ஆனால் பிசைந்த மாவை ஒரு உருண்டை கையில் கொடுத்தால் விரல் தானாகத் திருகும். வட்டத்துக்குள் வட்டமாக, முறுக்கு கோணாமல் விழும். வேலைப் பழக்கத்தின் நினைவு மூளையில் வேறு வழியில் சேமிக்கப்படுவதால், பெயர்களும் நிகழ்ச்சிகளும் போன பிறகும் அது சில காலம் தங்கும் என்று மருத்துவம் சொல்கிறது. நாங்கள் அந்த மருத்துவம் படித்திருக்கவில்லை. மாவு உருண்டை கையில் இருந்தால் அம்மாயி அமைதியாக இருப்பார் என்பதை என் சித்திதான் கண்டுபிடித்தார். சித்தியின் இந்த அறிவு எந்த ஆய்விதழிலும் வராது.

பொழுது சாயும் நேரத்தில் அம்மாயிக்கு ஒரு தவிப்பு வரும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எங்கூட்டுக்குப் போறேன், நேரமாச்சு” என்று கிளம்புவார். “இதுதான் உங்கூடு” என்றால் கோபம் வரும். மறதி நோயுள்ளவர்கள் மாலையில் இப்படித் தவிப்பதும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் உலகெங்கும் காணப்படுவதுதான். ஆனால் ஒரு தமிழ்ப் பெண் அதைச் சொல்லும்போது அதன் பொருள் கொஞ்சம் கூடுகிறது. பதினைந்து வயதில் ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் நட்டார்கள். பிறந்த வீட்டுக்கு விருந்தாளி, புகுந்த வீட்டுக்கு வந்தவள். முதலில் மாமனார் பெயரிலும் பிறகு கணவர் பெயரிலும் அப்புறம் மகன் பெயரிலும் வீட்டுவரி ரசீது வந்த வீட்டில் அறுபது வருடம் வேலை செய்தவர், கடைசியில் எந்த வீட்டைக் கேட்கிறார்? நோய் அவரை உளற வைத்ததா, அடக்கிவைத்த கேள்வியை வெளியே விட்டதா என்று இன்றும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

என் துறை இலக்கியம். நம் மரபில் முதிய பெண் என்றால் உடனே ஔவைதான் வருவார். கதைகளின்படி முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவர், எதையும் மறக்காதவர், ஊருக்கே புத்தி சொன்னவர். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றி நின்று தன் இளமையை நினைத்துப் பார்க்கிறார். நினைவுள்ள முதியவருக்கு இலக்கியத்தில் இடம் இருக்கிறது. மறந்துபோன மூதாட்டிக்கு நாம் எழுதிய கவிதை எது? நானும் கவிதை எழுதுகிறவள் என்பதால் இந்தக் கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியாது.

ஒத்துணர்ந்த பிறகு

இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். ஒத்துணர்வு பக்கத்தில் வந்து உட்காரும். நல்ல அனிமேஷன் படம் நம்மைப் பக்கத்தில் உட்காரவைக்கிறது. அது சிறிய காரியம் இல்லை. முதியவரைச் சுமையாகப் பார்க்கும் கண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரியா கிருஷ்ணஸ்வாமி இயக்கிய ‘பாரம்’ காட்டியது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் நடந்துவந்த தலைக்கூத்தல் கொலைகளைப் பற்றிய அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

ஆனால் பத்து நிமிடப் படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும், அதிகாலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பும் மாமியாரைப் பிடிக்க ஒருத்தி எழுந்திருக்கத்தான் வேண்டும். அவளிடம் போய் ‘ஒத்துணர்வோடு இரு’ என்று சொன்னால் அது இன்னொரு கட்டளை. பெண்களிடம் அன்பை அதிகப்படுத்தச் சொல்லும் எந்தப் பிரசாரமும் வேலையைப் பங்கிடச் சொல்லாவிட்டால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஜப்பானின் அனுபவம் இங்கே உதவும். 1972இல் அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர், புத்தி தடுமாறிய மாமனாரை வேலைக்குப் போகும் மருமகள் ஒருத்தி பார்த்துக்கொள்ளும் கதையை நாவலாக எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டே திரைப்படமானது. வீட்டுக்குள் மூடிக்கிடந்த மருமகளின் பாடு நாட்டின் பேச்சானது. 2000இல் அங்கே முதியோர் பராமரிப்புக்கென்று பொதுக் காப்பீடு வந்தது. 2004இல் இழிவான பொருள் கொண்டிருந்த பழைய நோய்ப்பெயரை அரசே மாற்றியது. அடுத்த ஆண்டிலிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் எனச் சாதாரண மக்களுக்கு மறதி நோய் பற்றிய பயிற்சி தரத் தொடங்கினார்கள். ஒரு கதை மட்டும் இவ்வளவையும் செய்துவிடவில்லை. ஆனால் கதை முதலில் மருமகளைக் கண்ணுக்குத் தெரியவைத்தது, பிறகு சட்டமும் பணமும் வந்தன.

நம்மிடமும் தொடக்கங்கள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோயுள்ளவர்களுக்கான பராமரிப்பையும் மேற்கொள்கிறது, மனநலம் குறித்த திரைப்பட விழாக்களையும் நடத்தியிருக்கிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு மறதி நோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, அந்த வேலைக்கு உரிய ஊதியமும் கொடுத்தால், நோயை அடையாளம் காண வாசல்வரை ஒரு வழி கிடைக்கும். பகல் நேரத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஒன்றியத்துக்கு ஓர் இல்லம் இருந்தால், ராசிபுரத்து மாணவியின் அம்மா மில்லுக்குத் திரும்பலாம்.

அதோடு நமக்கு நம் படங்கள் வேண்டும். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்துதான் வந்தது. படம் எடுக்கும் துணிச்சல் இந்தச் சமவெளிக்குப் புதிதில்லை. இன்று ஒரு மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் ஒரு மாணவியால் ஐந்து நிமிட அனிமேஷன் செய்ய முடியும். அதில் வரும் மூதாட்டி தறிச் சத்தத்தைத் தேடி நடக்கட்டும். கணவர் பெயரைக் கேட்டால் சிரித்துக்கொண்டு வாயை மூடட்டும். அவளுடைய உலகம் கரைவதையும், அந்த உலகத்துக்குள் அவள் இன்னும் ஆசைப்படுவதையும் கோடுகள் காட்டட்டும். அதே சட்டகத்தில் அவளைப் பார்த்துக்கொள்கிறவளின் இடுப்பு வலியும் வரட்டும். அந்த வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள ஒரு ஆண் எழுந்து வருவதை வரையாமல் அந்தப் படத்தை முடிக்க வேண்டாம்.